நாலாயிரம் ரூபாய்க்கு மேட்டா, வெயிட்டா?

இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதிக் கேட்டுவிட்டார்கள். ரெக்கார்டு ஓட்டும் டர்ன்டேபிள் வாங்கி ஆறேழு மாதம் ஆகிறது, கையில் நாலாயிரம் ரூபாய் இருக்கிறது, ரெக்கார்டு உட்காரும் சுழல் தட்டான பிளாட்டர் மேல் போடும் மேட்டை மாற்றலாமா, இல்லை ரெக்கார்டின் நடுவில் வைத்து அழுத்தும் கிளாம்ப் அல்லது வெயிட் வாங்கலாமா என்று. மூவரிடமும் இருப்பது வேறு வேறு மெஷின். ஒருவரிடம் கண்ணாடி பிளாட்டர் போட்ட பெல்ட் டிரைவ் (மோட்டார் பெல்ட் வழியாகச் சுழற்றும் வகை), இன்னொருவரிடம் அப்பா காலத்து டைரக்ட் டிரைவ் (மோட்டாரே பிளாட்டரை நேராகச் சுழற்றும் வகை), மூன்றாமவரிடம் பட்டனை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் ஆர்ம் தானாகப் போய் உட்காரும் ஆட்டோமேட்டிக். ஒரே பதில் மூவருக்கும் பொருந்தாது. அதனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன், கடைசியில் மூவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

ஊசி ரெக்கார்டின் பள்ளத்தில் ஓடும்போது, அதன் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் மட்டும் அதிர்வு போவதில்லை, ரெக்கார்டுக்குள்ளும் இறங்குகிறது. அந்த அதிர்வு ரெக்கார்டின் வினைலைத் தாண்டி பிளாட்டரைத் தொடும் இடத்தில், ஒரு பகுதி கீழே இறங்கிப் போகும், மீதி திரும்பி மேலே வந்து ஊசியைத் தொடும். எவ்வளவு திரும்பும் என்பதை இரண்டு பொருள்களின் தன்மை தீர்மானிக்கிறது. வினைலும் அக்ரிலிக்கும் ஒலியைக் கடத்துவதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, அலுமினியத்தின் ஒலித்தடை அவற்றைப் போல ஐந்து மடங்கு. போதாததற்கு உலோக பிளாட்டரை விரலால் தட்டினால் தாம்பாளம் போலக் கணீரென்று ஒலிக்கும். மேட் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த ஒலிப்பை அடக்குவது. இரண்டாவது, பிளாட்டரின் அச்சைத் தாங்கும் பேரிங்கிலிருந்து மேலே ஏறி வரும் உறுமலைத் தடுப்பது. ஆக முதல் கேள்வி: உங்கள் பிளாட்டர் என்ன பொருள்?

இரண்டாவது, ரெக்கார்டு எப்படி வளைந்திருக்கிறது. கிளாம்பின் உண்மையான வேலை இங்கேதான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆகிறது, அதாவது சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் வளைவு நொடிக்கு அரை தடவைக்குச் சற்று மேல் ஆர்மைத் தூக்கிப் போடுகிறது. காதுக்கு அது நேராகக் கேட்காது, ஆனால் ஸ்பீக்கர் வூஃபர் முன்னும் பின்னும் அலைவதைக் கண்ணால் பார்க்கலாம். வளைவில் இரண்டு வகை உண்டு. ரெக்கார்டு முழுவதும் கிண்ணம் மாதிரிக் குழிந்திருப்பது ஒன்று, வெயில் பட்டு ஓரத்தில் ஒரு இடம் மட்டும் உயர்ந்திருப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வெயிட் வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மூன்றாவது, மெஷின் தாங்குமா. பேரிங்கின் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன எஃகு குண்டு, மொத்த எடையும் அதன் ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. லின் சோன்டெக் எல்பி12 மாதிரி ஸ்பிரிங்கில் தொங்கும் மெஷின் என்றால், அரைக் கிலோ கூடினாலே தொங்கும் உயரமும் மட்டமும் மாறிவிடும்.

நான்காவதுதான் பலரும் கவனிக்காதது: ஆர்மின் உயரத்தை மாற்ற முடியுமா? வழக்கமான ஒன்பது அங்குல ஆர்மில் மேட்டின் தடிமன் 4 மி.மீ. மாறினால் ஊசி பள்ளத்தைத் தொடும் கோணம் சுமார் 1 டிகிரி மாறும். இரண்டு மில்லிமீட்டர் ஃபெல்ட் துணி மேட்டை எடுத்துவிட்டு ஆறு மில்லிமீட்டர் ரப்பரைப் போட்டு, "அடேங்கப்பா, சத்தமே மாறிவிட்டது" என்று சொல்பவர், ரப்பரின் சத்தத்தைக் கேட்கிறாரா, சாய்ந்துபோன ஆர்மின் சத்தத்தைக் கேட்கிறாரா என்று அவருக்கே தெரியாது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வில் ஆர்மைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி 6 மி.மீ. வரை ஏற்றி இறக்கலாம். ரீகா கம்பெனி மெஷின்களில் ஆர்மைக் கழற்றி அடியில் ஸ்பேசர் கொடுக்க வேண்டும். பல ஆட்டோமேட்டிக் மெஷின்களில் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் நம் ஊர். வெயில், மழைக்கால ஈரம், தூசி. வெளிநாட்டு விமர்சனங்களில் இது இருக்காது, நமக்கோ இதுதான் பாதி விஷயம்.

## மேட்டே இல்லாமல்

அக்ரிலிக் பிளாட்டர் வைத்திருப்பவர்கள் இதை முதலில் செய்து பார்க்க வேண்டும். ப்ரோ-ஜெக்ட் தன் எஃகு பிளாட்டர்களுக்கு மாற்றாக விற்கும் அக்ரிலிக் பிளாட்டர், ரெக்கார்டை நேராக அதன் மேல் வைப்பதற்காகவே செய்தது. மிச்செல் ஜைரோடெக்கும் அப்படித்தான், மேட் கிடையாது, கிளாம்ப் உண்டு. இந்த பிளாட்டர்கள் மேல் ஃபெல்ட்டைப் போடுவது காசு கொடுத்து வாங்கிய நன்மையை மூடி வைப்பது.

செலவு ஒன்றும் இல்லை, சுத்தமாக வைக்க வேண்டும் அவ்வளவே. பிளாட்டர் மேல் ஒரு மணல் துகள் இருந்தாலும் ரெக்கார்டின் அடிப்பக்கத்தில் கீறல் விழும். கண்ணாடி, அலுமினியம், எஃகு பிளாட்டர்களில் வெறுமனே வைத்து ஓட்டாதீர்கள்.

## ஃபெல்ட்

பெட்டியைத் திறந்தாலே கூட வருவது இதுதான். மெல்லியது, எடை கிடையாது, பேரிங்குக்குப் பாரம் இல்லை, ஆர்ம் உயரமும் அதற்கேற்பவே தொழிற்சாலையில் வைக்கப்பட்டிருக்கும். டிஜேக்களுக்கு பிளாட்டர் ஓடிக்கொண்டிருக்க ரெக்கார்டு மட்டும் கையில் நிற்க வேண்டும், அதனால் அவர்களுக்கு ஃபெல்ட்டைத் தவிர வேறு வழியே இல்லை. கண்ணாடி பிளாட்டரில் ஃபெல்ட் நன்றாகவே ஒத்துப்போகிறது, ரீகா பல ஆண்டுகளாக அதையே கொடுத்துக்கொண்டிருப்பதில் காரணம் இருக்கிறது.

தொல்லை என்று பார்த்தால் நிலைமின்சாரம். ரெக்கார்டை எடுக்கும்போது மேட்டும் ஒட்டிக்கொண்டு மேலே வரும், பிறகு டப்பென்று ஊசியின் பக்கம் விழும். சென்னையில் மழைக்காலத்தில் இது பெரிதாகத் தெரியாது, காற்றில் ஈரம் இருக்கும்வரை மின்னேற்றம் தங்காது. ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் அதே மேட் அதே ரெக்கார்டோடு ஒட்டிக்கொள்ளும். தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், வாரம் ஒரு முறை வெளியே எடுத்து உதற வேண்டும். எஃகிலும் அலுமினியத்திலும் பிளாட்டரின் ஒலிப்பை அடக்க இதற்கு வலு போதாது.

## ரப்பர்

உலோக பிளாட்டருக்கு என்னைக் கேட்டால் ரப்பர்தான். ஜப்பானிய டைரக்ட் டிரைவ்களில் தடித்த ரப்பர் மேட் சும்மா அலங்காரத்துக்கு வரவில்லை. வார்ப்பு அலுமினிய பிளாட்டரின் கணீர் சத்தத்தை அது கொன்றுவிடும், ரெக்கார்டு வழுக்காது, மின்னேற்றமும் குறைவு. பழைய மெஷின் வாங்கும்போது அதன் ஒரிஜினல் ரப்பர் மேட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அதை எடுத்துவிட்டு ஃபெல்ட் போட்டு விற்பவர்கள் நிறையப் பேர்.

ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. நாற்பது வருடம் நம் வெயிலைப் பார்த்த ரப்பர் ஒன்று கெட்டியாகி அப்பளம் போல் ஆகிவிடும், இல்லை பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும். பிசுபிசுத்த மேட் மேல் ரெக்கார்டை இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் எடுத்துப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் வளையம் வளையமாகக் கறை படிந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. கழுவியும் முழுதாகப் போகவில்லை. அதிர்வை விழுங்கும் மிக மென்மையான ஜெல் போன்ற மேட்களிலும் இதே ஆபத்து உண்டு. எந்த மேட்டாக இருந்தாலும் கேட்டு முடித்ததும் ரெக்கார்டை உறைக்குள் வைத்துவிடுங்கள்.

எடையையும் மறக்க வேண்டாம். மெல்லிய பெல்ட் டிரைவில் தடித்த ரப்பர் போட்டால் வேகம் பிடிக்க நேரமாகும், ஆர்ம் உயரமும் போச்சு.

## கார்க், தோல்

மின்னேற்றம் இல்லை, மலிவு, இரண்டு மூன்று மில்லிமீட்டரில் கிடைக்கும், ஆகவே ஃபெல்ட்டை எடுத்துவிட்டு அப்படியே மாற்றிவிடலாம். ரப்பர் துகள் கலந்த கார்க் இன்னும் நல்லது, வெறும் கார்க் உதிர்ந்து ரெக்கார்டெல்லாம் பொடியாகும். எஃகு பிளாட்டரில் ஃபெல்ட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நாலாயிரம் இல்லை, அதில் கால்வாசி கொடுத்தே கேட்டுவிடலாம். தோலும் ஏறக்குறைய இதே கதைதான், பேஸ் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஐப்பசி மழையில் பத்து நாள் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தால் தோலில் பூஞ்சை பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எஃகு அல்லது இரும்பு பிளாட்டரில் இன்னொரு சங்கதி. டெனான் டிஎல்-103 மாதிரி மூவிங் காயில் (காந்தம் நிற்க, கம்பிச் சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்களில் காந்தம் பலமானது, பிளாட்டர் அதைக் கீழே இழுக்கும், நீங்கள் தராசில் வைத்த எடையை விட ஊசி அதிகமாக அழுத்தும். பழைய தோரன்ஸ் டிடி 124-இன் இரும்பு பிளாட்டர் இதற்குப் பெயர் போனது. அங்கே மேட் தடிமனாக இருப்பதே நல்லது, மெல்லிய கார்க்குக்கு மாறுவது ஊசிக்குக் கேடு.

## அக்ரிலிக் மேட், கண்ணாடி, செம்பு

அக்ரிலிக் மேட் வினைலோடு நன்றாக இணையும், ஆனால் ரெக்கார்டு அதன் மேல் முழுதாகப் படிந்தால்தான். ரெக்கார்டின் லேபிள் பகுதி பள்ளம் உள்ள பகுதியை விடத் தடிமன், ஆகவே லேபிளுக்கு இடம் விட்டு நடுவில் குழித்த மேட்டாக இருக்க வேண்டும். தட்டையான கெட்டி மேட் வாங்கினால் ரெக்கார்டு லேபிளிலும் ஓரத்திலும் மட்டும் நிற்கும், பாட்டு இருக்கும் பகுதி அந்தரத்தில். இந்த வகைக்கு மட்டும் கிளாம்பும் சேர்ந்தால்தான் பலன். செம்பு, கிராஃபைட் எல்லாம் விலையும் எடையும் வேறு உலகம், நாலாயிரத்தில் வராது, பெரிய மெஷின் இல்லாமல் தேவையும் இல்லை.

## பிடித்து அழுத்தும் கிளாம்ப்

கிளாம்ப் என்றும் வெயிட் என்றும் ஒரே பொருளைச் சொல்வது போல் பேசுகிறோம், இரண்டும் வேறு. கிளாம்ப், பிளாட்டரின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியான ஸ்பிண்டிலைக் கவ்விப் பிடித்து, அந்தப் பிடியின் பலத்தில் ரெக்கார்டை அழுத்துகிறது. தன் எடை பெரும்பாலும் குறைவுதான். அதனால் பேரிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் பாரம் இல்லை.

கிண்ணம் போல் வளைந்த ரெக்கார்டுக்கு இதைவிட நல்ல மருந்து வீட்டில் கிடையாது. நடு உயர்ந்து ஓரம் பிளாட்டரைத் தொட்டால், நேராக வைத்து அழுத்தினாலே படிந்துவிடும். நடு தாழ்ந்து ஓரம் தூக்கி நின்றால், ஸ்பிண்டிலில் ஒரு மெல்லிய ஃபெல்ட் வாஷரைப் போட்டு அதன் மேல் ரெக்கார்டை வைத்துக் கிளாம்பை இறுக்குங்கள், நடு வாஷரில் முட்டுக்கொடுக்க ஓரம் கீழே இறங்கும். ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் உள்ள வளைவை இது சரிசெய்யாது.

இதில் மறைந்திருக்கும் விஷயம் ஸ்பிண்டிலின் நீளம். தடித்த மேட், அதன் மேல் 180 கிராம் ரெக்கார்டு, மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிண்டில் கிளாம்ப் கவ்வப் போதுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். சில மெஷின்களில் ஸ்பிண்டில் பிளாட்டரோடு சேர்ந்து தூக்கிக்கொள்ளும், அங்கே கழற்றும்போது பிளாட்டரும் கையோடு வரும். ரீகா தன் மெஷின்களுக்குக் கிளாம்ப் வேண்டாம் என்றே சொல்கிறது.

தாத்தா வீட்டு 78 ரெக்கார்டுகளுக்கு இதைப் பயன்படுத்தவே வேண்டாம். அவை ஷெல்லாக், வளையாது, உடையும்.

## மேலே வைக்கும் வெயிட்

பார்க்க அழகு, வைக்க எளிது, அதனாலேயே எல்லோரும் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். 200 கிராமிலிருந்து 800 கிராம் வரை கிடைக்கிறது. ஃபெல்ட் மேல் ரெக்கார்டு வழுக்குகிறது, லேசாகத்தான் வளைந்திருக்கிறது, மெஷின் கனமான டைரக்ட் டிரைவ் என்றால் 300 கிராம் வெயிட் நல்ல காரியம். லேபிளில் பட்டு அதிர்வையும் கொஞ்சம் அடக்கும்.

"வெயிட் வைத்தால் பிளாட்டரின் சுழல் நிலைத்தன்மை கூடும்" என்று விற்பவர்கள் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 செ.மீ. அகலமுள்ள அரைக் கிலோ வெயிட் கொடுக்கும் சுழல் நிறையைவிட, ரெக்கார்டின் வெளி ஓரத்தில் உட்காரும் 600 கிராம் வளையம் முப்பது மடங்குக்கும் மேல் கொடுக்கிறது. நடுவில் வைக்கும் எடை சுழற்சிக்கு ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது, பேரிங்கின் தலையில் மட்டும் முழுதாக ஏறும்.

பித்தளையில் நாமே கடைந்துகொள்ளலாம் என்ற யோசனை நல்லதுதான், 75 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம் வைத்தால் ஏறக்குறைய 560 கிராம் வரும், அம்பத்தூரிலும் கோவையிலும் லேத் பட்டறைக்கா பஞ்சம். நானும் ஒரு பட்டறையில் செய்து வாங்கினேன். துளை அரை மில்லிமீட்டர் மையம் தள்ளிவிட்டது, சுற்றும்போது வெயிட் ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது, அந்த ஆட்டம் ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருந்தது. செய்வதானால் ஸ்பிண்டில் சுமார் 7.2 மி.மீ. என்று சொல்லி, துளையையும் வெளிப்பக்கத்தையும் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள், எடுத்து மாட்டினால் மையம் போய்விடும்.

உயரமான வெயிட் இருந்தால் மூடி மூடாது, நம் ஊர்த் தூசிக்கு இது சின்ன விஷயம் இல்லை. அகலமான வெயிட், ரெக்கார்டின் கடைசிப் பாட்டு முடியும் இடத்தில், ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லில் போய் முட்டும்.

வெளி வளையமும் உறிஞ்சிப் பிடிக்கும் வாக்குவம் பிளாட்டரும்தான் ஓர வளைவை உண்மையில் நேராக்கும். விலையையும், ஊசியை வைக்கும்போது வளையத்தில் இடித்துவிடும் ஆபத்தையும் பார்த்தால், நம் மூவருக்கும் அது இப்போதைக்கு வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| வகை | எந்த பிளாட்டருக்கு | வளைவுக்கு | பேரிங் பாரம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| மேட் இல்லாமல் | அக்ரிலிக் | உதவாது | இல்லை | மணல், தூசி |
| ஃபெல்ட் | கண்ணாடி | உதவாது | இல்லை | ஏசி அறையில் ஒட்டும் |
| ரப்பர் | அலுமினியம், எஃகு | உதவாது | கொஞ்சம் | வயதானால் கறை, ஆர்ம் உயரம் |
| கார்க், தோல் | எஃகு, கண்ணாடி | உதவாது | இல்லை | உதிர்வு, பூஞ்சை |
| அக்ரிலிக் மேட் | உலோகம் | கிளாம்போடு சேர்ந்தால் | கொஞ்சம் | நடுவில் குழி வேண்டும் |
| கிளாம்ப் | கிளாம்ப் ஏற்கும் எதற்கும் | கிண்ண வளைவுக்கு நன்று | மிகக் குறைவு | ஸ்பிண்டில் நீளம் |
| வெயிட் | கனமான டைரக்ட் டிரைவ் | லேசான வளைவுக்கு | அதிகம் | மூடி, மோட்டார், ஸ்பிரிங் |

## இவை எதுவும் தீர்க்காத ஒரு கோளாறு

நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை ஒன்று மெல்ல ஏறி இறங்குகிறது, அதைச் சரிசெய்யக் கிளாம்ப் வாங்குகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஆட்டம் 1.8 நொடிக்கு ஒரு முறை வந்தால், பெரும்பாலும் ரெக்கார்டின் துளை மையத்தில் இல்லை என்று அர்த்தம். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே உள்பக்கப் பாட்டில் சுருதி ஏறக்குறைய 0.8 சதவீதம் மேலும் கீழும் போகும், அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. தவிலில் தெரியாது, நாதஸ்வரத்திலும் வீணையிலும் நெஞ்சைப் பிசையும். கிளாம்ப் அந்தத் தவறான இடத்திலேயே ரெக்கார்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், வேறொன்றும் செய்யாது.

## வாங்கும் முன், வாங்கிய பின்

மோட்டாரை நிறுத்திவிட்டு, ஓடாத ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்குங்கள், வால்யூம் குறைவாக இருக்கட்டும், பென்சிலின் பின்முனையால் பிளாட்டரின் ஓரத்தை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கேட்பது சட்டென்று அடங்கும் "தொப்" என்றால் உங்கள் மேட் தன் வேலையைச் செய்கிறது. இழுபடும் ஒலி கேட்டால் மேட் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. புதிய மேட் போட்டதும் ஊசியின் அழுத்தத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள், தராசு ரெக்கார்டின் உயரத்தில் இருக்க வேண்டும். வெயிட் வைத்தால் வேகத்தையும் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மினுங்கும் விளக்கின் கீழே, 33⅓-க்கு 180 கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் தாளை ரெக்கார்டின் மேல் வைத்தால் போதும், சுற்றும்போது கோடுகள் நிலையாக நிற்பது போல் தெரிகின்றனவா என்று பார்க்கலாம், ஆனால் எல்இடி பல்புகள் பலவற்றில் அந்த மினுக்கம் இருக்காது, பழைய குண்டு பல்போ டியூப் லைட்டோ தேவைப்படும்.

## அந்த மூவருக்கு

கண்ணாடி பிளாட்டர், பெல்ட் டிரைவ் வைத்திருப்பவருக்கு: வெயிட் வேண்டாம். ஃபெல்ட் ஒட்டிக்கொண்டு வருவதுதான் உங்கள் குறை என்று எழுதியிருக்கிறீர்கள், அதே தடிமனில் ரப்பர் கலந்த கார்க் ஒன்று வாங்குங்கள், ஆர்மைத் தொட வேண்டியதில்லை. மிச்சப் பணம் கையிலேயே இருக்கும்.

டைரக்ட் டிரைவ்காரருக்கு: உங்களிடம் ஒரிஜினல் ரப்பர் இருக்கிறது, இன்னும் மென்மையாகவும் இருக்கிறது என்கிறீர்கள், அதை மாற்றவே மாற்றாதீர்கள். பழைய ரெக்கார்டுகள் கிண்ணம் மாதிரி வளைந்திருப்பதாகச் சொன்னீர்கள், உங்களுக்குத்தான் கிளாம்ப். கவ்விப் பிடிக்கும் வகையைப் பாருங்கள், கூடவே இரண்டு ஃபெல்ட் வாஷர். ரப்பரின் மேல் ஸ்பிண்டில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று இன்றைக்கே ஸ்கேலை வைத்து அளந்து சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவருக்கு: உங்கள் ஆர்மின் உயரமும் அழுத்தமும் தொழிற்சாலையில் பூட்டியவை, மோட்டாரும் சின்னது. கூட வந்த மேட்டையே வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் ஊசி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்று கணக்குப் பாருங்கள், தினமும் இரண்டு ரெக்கார்டு கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த நாலாயிரத்தில் புது ஊசியும் ஒரு கார்பன் ஃபைபர் பிரஷும் வாங்கிவிடுங்கள்.